விரிதாளை அட்டவணையில் ஏற்றுவது: ஒரே கட்டளை போதுமா?

2025 பிப்ரவரி 3, மாலை 6.10 (வாசகர் கேள்வி)

எக்செல் விரிதாளில் இருக்கும் ஒரு நூல் பட்டியலைப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் அட்டவணைக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தது. சிஎஸ்வியாக, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாகச் சேமித்து, அதை ஏற்றும் காப்பி கட்டளையைக் கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை, வரிகள் ஏறிவிட்டன. இதற்கென்று தனி மென்பொருள், நீண்ட கட்டுரைகள் எல்லாம் எதற்கு? ஒரே கட்டளையில் முடிகிற வேலை இது. தவறென்றால் சொல்லுங்கள்.

2025 பிப்ரவரி 3, இரவு 9.40

தவறென்றுதான் சொல்வேன். பிழை வரவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்திலேயே எனக்குக் கவலை தொடங்கிவிட்டது. பிழை காட்டி நின்றுபோகும் ஏற்றத்தை அன்றே சரி செய்துவிடலாம். சத்தமில்லாமல் முடிந்த ஏற்றத்தின் தவறு ஆறு மாதம் கழித்து வேறொருவர் கையில் போய் வெடிக்கும்.

நீங்கள் நூல் பட்டியல் என்று சொன்னதால் என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு நூலகத்தின் முழுப் பட்டியலையும் விரிதாளிலிருந்து தரவுத்தளத்துக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. பத்திகள், அதாவது நெடுவரிசைகள், சாதாரணமானவை: சேர்க்கை எண் (நூலகம் நூல்களுக்கு வரிசையாக இடும் எண்), தலைப்பு, ஆசிரியர், ஐஎஸ்பிஎன் (நூலை அடையாளம் காட்டும் பதிப்பக எண்), வகைப்பாட்டு எண், பக்கங்கள், நூலகத்துக்கு வந்த தேதி. சிஎஸ்வியாகச் சேமித்தேன், எல்லாப் பத்திகளையும் உரை வகையாக வைத்து ஏற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் ஐஎஸ்பிஎன் பத்திக்குத் தனித்தன்மைக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்ற விதி) போடப் போனபோதுதான் தரவுத்தளம் மறுத்தது. நூற்றுக்கணக்கான நூல்களுக்கு ஒரே ஐஎஸ்பிஎன். எடுத்துப் பார்த்தால் அந்த எண் 9.78819ஈ+12 என்று இருந்தது.

13 இலக்க எண்ணைப் பொது வடிவக் கட்டத்தில் தட்டினால் எக்செல் அதைச் சுருக்கி, அறிவியல் குறியீட்டில் (9.78819 பெருக்கல் 10இன் 12ஆம் அடுக்கு என்பதுபோல) காட்டும். காட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவதைத்தான் அது எழுதுகிறது, உள்ளே இருக்கும் மதிப்பை அல்ல. 9788185 முதல் 9788194 வரை எந்த எண்ணில் தொடங்கினாலும், அத்தனை நூல்களும் 9.78819ஈ+12 என்ற ஒரே எண்ணாகச் சுருங்கிவிடும்.

நான் அந்தக் கட்டுப்பாட்டைப் போட நினைக்காமல் விட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. உங்கள் அட்டவணையில் ஐஎஸ்பிஎன் பத்தியில் எத்தனை வெவ்வேறு மதிப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

2025 பிப்ரவரி 4, காலை 7.05

வாசகர் எண்ணிப் பார்த்துவிட்டார். அவருக்கும் அதே கதைதான். மூலக் கோப்பை அழிக்கவில்லை என்கிறார். நல்லது, பாதி வேலை முடிந்தது. கட்டத்துக்குள் 13 இலக்கமும் பத்திரமாக இருக்கிறது. எக்செல் 15 இலக்கம் வரை துல்லியமாக வைத்துக்கொள்ளும். அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, தசமம் இல்லாத எண் வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சிஎஸ்வி எடுத்தால் முழு எண்ணும் வரும். 16 இலக்கம் வரும் எண்களுக்கு மட்டும் இந்த வழி உதவாது. அங்கே 16ஆவது இலக்கம் தட்டிய நொடியிலேயே 0 ஆகிவிடும், மூலக் கோப்பிலும் திரும்பக் கிடைக்காது.

சிஎஸ்வியே வேண்டாமென்றால் பைத்தான் நிரல்மொழியின் ஓபன்பைஎக்செல் என்ற நிரல் தொகுப்பால் எக்செல் கோப்பை நேரடியாகப் படிக்கலாம். பாண்டாஸ் என்ற இன்னொரு பைத்தான் தொகுப்பு வழியாகப் படிப்பவர்கள் எல்லாப் பத்திகளையும் உரையாகப் படிக்கும்படி சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், இடையில் காலிக் கட்டங்கள் உள்ள எண் பத்தியைத் தசம எண்ணாக எடுத்துக்கொள்ளும். அதை உரையாக மாற்றும்போது ஒவ்வொரு ஐஎஸ்பிஎன்னின் வாலிலும் '.0' ஒட்டிக்கொண்டு வரும்.

2025 பிப்ரவரி 4, இரவு 10.20

முன்பூச்சியங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2007க்கு முந்தைய நூல்களில் ஐஎஸ்பிஎன் 10 இலக்கம். ஆங்கில நூல்களில் பெரும்பகுதி 0 அல்லது 1 என்று தொடங்கும். 0 என்று தொடங்குபவற்றை எக்செலில் தட்டினால் அந்த 0 விழுந்து 9 இலக்கமாகிவிடும். நாங்கள் முதலில் சரிபார்த்தது தமிழ் அலமாரியை. அவை 81 என்று தொடங்குவதால் ஒன்றும் விழவில்லை, எல்லாம் சரி என்று நினைத்துவிட்டோம். ஆங்கில அலமாரிக்குப் போனபோதுதான் பாதிப்பின் அளவு தெரிந்தது.

இங்கே ஐஎஸ்பிஎன் நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். 10 இலக்க எண்ணில் முதல் இலக்கத்தை 10ஆல், அடுத்ததை 9ஆல் என்று பெருக்கிக்கொண்டே வந்து கூட்டினால் மொத்தம் 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 9 இலக்கமாகக் குறைந்துபோன எண்ணுக்கு முன்னால் 0 சேர்த்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வகுபட்டால் விழுந்தது 0 என்று ஏறக்குறைய உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். நூல்களைக் கையில் எடுக்காமலே பெரும்பாலானவற்றை மீட்டோம்.

வகைப்பாட்டு எண்ணும் இதே வகைதான். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி முறையில் நூலகவியல் 020, கணினி நிரலாக்கம் 005. விரிதாளில் அவை 20, 5 என்று நிற்கும். இவை எண்ணைப் போல எழுதப்பட்ட பெயர்கள். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அந்தப் பத்தி உரைதான். தரவுத்தளத்தில் வகையைத் தீர்மானிக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி இது.

2025 பிப்ரவரி 5, காலை 6.50

திருத்தம். சரிபார்ப்பு இலக்கத்தை நேற்று மிகவும் நம்பி எழுதிவிட்டேன். இரவு படுத்த பிறகு ஒரு ஐயம் வந்து, எழுந்து கணக்குப் போட்டேன்.

9.78819ஈ+12 என்ற உரையை எண் வகைப் பத்தியில் ஏற்றினால் போஸ்ட்கிரெஸ் அதை மறுக்காமல் 9788190000000 என்று எடுத்துக்கொள்ளும். இப்போது இந்த 13 இலக்கத்துக்குச் சரிபார்ப்புக் கணக்கு. இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்க வேண்டும்: 9, 21, 8, 24, 1, 27, பிறகெல்லாம் 0. கூட்டினால் 90. பத்தால் வகுபடுகிறது. அதாவது, சிதைந்துபோன அந்த எண் சோதனையில் தேறிவிடுகிறது!

ஆகவே சரிபார்ப்பு இலக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். வெவ்வேறு மதிப்புகளின் எண்ணிக்கையையும், வரிசையாகப் பூச்சியத்தில் முடியும் மதிப்புகளையும் சேர்த்தே பாருங்கள்.

2025 பிப்ரவரி 6, இரவு 11.15

'சரி, அப்படியானால் எப்படித்தான் ஏற்றுவது?' என்ற கேள்விக்கு இன்று நிதானமாக எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

நான் எந்த விரிதாளையும் நேரடியாக இறுதி அட்டவணையில் ஏற்றுவதில்லை. நடுவில் ஓர் இடைத்தங்கல் அட்டவணை வைத்துக்கொள்கிறேன். அதில் எல்லாப் பத்திகளும் உரை. வரியைத் தனித்துக் காட்டும் முதன்மைச் சாவி இல்லை, கட்டுப்பாடு இல்லை, தேதி வகை இல்லை, எண் வகை இல்லை. விரிதாளில் என்ன இருந்ததோ அது அப்படியே வந்து இறங்க வேண்டும். தவறு இருந்தால் தவறோடு இறங்கட்டும். இறங்கிய பிறகு அதைக் கேள்வி கேட்க எஸ்க்யூஎல் என்ற முழு மொழியே நம் கையில் இருக்கிறது. எக்செல் கட்டங்களில் கண்ணால் தேடிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மூலப் பத்திகளோடு நான்கு பத்திகளைக் கூடுதலாகச் சேர்க்கிறேன். கோப்பின் பெயர், தாளின் பெயர், அந்தத் தாளில் வரி எண், ஏற்றிய நேரம். இதில் வரி எண்ணை விட்டுவிடாதீர்கள். '4,118ஆம் வரியில் தேதி புரியவில்லை' என்று நூலகருக்கு எழுதினால் அவர் உடனே அந்த வரிக்குப் போய்ப் பார்ப்பார். 'சில வரிகளில் தேதி சரியில்லை' என்று எழுதினால் எங்கே தேடுவார்? அட்டவணை வரிகளுக்கு இயல்பான வரிசை என்று ஒன்று கிடையாது, எக்செலில் இருந்த வரிசையைப் பிறகு எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது. ஏற்றும்போதே எழுதிவைத்தால்தான் உண்டு.

பிறகு சோதனைகள். ஒவ்வொரு பத்தியிலும் இருக்கும் வெவ்வேறு மதிப்புகளை, எத்தனை முறை வருகின்றன என்ற எண்ணிக்கையோடு பட்டியலிடுங்கள். இந்த ஒரே வினவல் பாதி நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். மொழிப் பத்தியில் எங்களுக்குத் 'தமிழ்' என்றே மூன்று மதிப்புகள் கிடைத்தன. ஒன்றில் பின்னால் இடைவெளி, மற்றொன்றில் வலைப்பக்கத்திலிருந்து ஒட்டியதால் வந்த முறியா இடைவெளி (அந்த இடத்தில் வரி உடையாமல் தடுக்கும் தனிக் குறி). கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். ஓரத்து இடைவெளிகளை வெட்டும் வழக்கமான டிரிம் செயற்கூறு முறியா இடைவெளியை அகற்றாது, அதைத் தனியாகத்தான் மாற்ற வேண்டும்.

எண்ணாக மாறுமா, தேதியாக மாறுமா என்று பார்க்கப் போஸ்ட்கிரெஸ் 16இல் 'பிஜி இன்புட் ஈஸ் வேலிட்' என்ற செயற்கூறு வந்திருக்கிறது. மாற்றாமலே மாறுமா என்று மட்டும் சொல்லும். மாறாத வரிகளை ஒரு தனிப் பட்டியலாக எடுத்து, தரவுக்குச் சொந்தக்காரரிடம் கொடுக்க வேண்டும். நாமே ஊகித்துத் திருத்தக் கூடாது. அவசரத்தில் இரண்டொரு முறை நான் ஊகித்தேன், இரண்டும் தவறாகப் போயின.

எல்லாம் தேறிய பிறகே இறுதி அட்டவணைக்கு ஒரே டிரான்சாக்ஷனில் மாற்றுகிறேன். பாதியில் முறிந்தால் முழுவதும் பின்வாங்கும், அரைகுறையாக எதுவும் தங்காது. வேகமும் கூடும். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக உறுதி செய்துகொண்டிருந்தால் மணிக்கணக்கில் இழுக்கும் வேலை இப்படிச் செய்தால் சில நொடிகளில் முடியும்.

2025 பிப்ரவரி 7, மதியம் 1.30

கட்டளைகளைப் பற்றிச் சுருக்கமாக.

போஸ்ட்கிரெஸின் காப்பி கட்டளை கோப்பைச் சர்வரில், அதாவது தரவுத்தளம் இயங்கும் கணினியில் தேடும். கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் பிஎஸ்க்யூஎல் என்ற போஸ்ட்கிரெஸ் கட்டளை நிரலில் பின்சாய்வுக் கோட்டோடு வரும் காப்பியைப் பயன்படுத்துங்கள். 'கோப்பு இல்லை' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதனால்தான். 17ஆம் பதிப்பில் வகை மாறாத வரிகளைத் தவிர்த்துவிட்டுப் போகும் வசதியும் வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தவிர்க்கப்பட்ட வரி யாரோ ஒருவருடைய நூல்.

மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் இதே வேலைக்கு லோட் டேட்டா கட்டளை. அதில் 'லோக்கல்' என்ற சொல்லைச் சேர்த்தால் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். தவறான மதிப்பை மறுக்கும் கண்டிப்பு முறை இயங்கிக்கொண்டிருந்தாலும் மாற்றப் பிழைகள் எச்சரிக்கைகளாகக் குறைந்துவிடும், ஏற்றம் தொடரும். காலியான எண் கட்டம் 0 ஆகிவிடும். பக்கங்கள் தெரியாத நூலுக்கு 0 பக்கம் என்று பதிவாகிவிடும்! ஏற்றி முடித்த கையோடு எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். அடுத்த கட்டளை கொடுத்துவிட்டால் அந்தப் பட்டியல் போய்விடும்.

எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் எண் வகை என்று அறிவித்த பத்தியும் உரையை வாங்கிக்கொள்ளும். கண்டிப்பான அட்டவணை வேண்டுமென்றால் 3.37ஆம் பதிப்பிலிருந்து 'ஸ்ட்ரிக்ட்' என்று அறிவிக்கலாம். அட்டவணை ஏற்கெனவே இருக்கும்போது இறக்கினால் தலைப்பு வரியும் தரவாகவே ஏறும், அதைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும்.

2025 பிப்ரவரி 7, இரவு 8.00

மதியம் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுத்த சிஎஸ்வி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதை எக்செலிலேயே இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். திறந்து, பழக்கத்தில் சேமித்துவிட்டால், பாடுபட்டு மீட்ட முன்பூச்சியங்கள் எல்லாம் மறுபடியும் விழும். சாதாரண உரைத் தொகுப்பியில் திறந்து பாருங்கள்.

2025 பிப்ரவரி 9, காலை 10.45

தேதி. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் எனக்கு மிகுந்த வலி தந்த பகுதி இது.

எக்செலுக்குத் தேதி என்பது ஓர் எண். 1900 ஜனவரி 1 என்பது 1, அங்கிருந்து நாளுக்கு ஒன்று கூடும். 2025 ஜனவரி 1 என்பது 45658. இந்த எண்ணிக்கையில் 1900ஆம் ஆண்டு தவறாக லீப் ஆண்டாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாளில் இருந்த அந்தப் பிழையை, கோப்புகள் பொருந்த வேண்டுமென்று எக்செல் அப்படியே வைத்துக்கொண்டது. அதனால்தான் இந்த எண்களைத் தேதியாக மாற்றும்போது 1899 டிசம்பர் 30இலிருந்து கூட்டுகிறோம்.

எங்களுக்கு நேர்ந்தது வேறு. யாரோ ஒருவர் மாதம் முதலில் வரும் அமைப்புள்ள கணினியில், நாள் முதலில் எழுதப்பட்ட பட்டியலைத் திறந்து சேமித்திருக்கிறார். 03/04/2019 என்பது ஏப்ரல் 3. அது மார்ச் 4 ஆகிவிட்டது. 25/04/2019 என்பதில் 25ஆவது மாதம் இல்லாததால் அதை மாற்றாமல் உரையாகவே விட்டுவிட்டது. ஆக, ஒரே பத்தியில் பாதி மாறிய தேதிகள், பாதி மாறாத உரைகள். முழுவதும் தவறாக இருந்திருந்தால் ஒரே வினவலில் திருப்பியிருக்கலாம்.

கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். தேதியாக மாறியிருந்த வரிகளை மட்டும் எடுத்து, நாள் வாரியாக எண்ணினேன். 1 முதல் 12 வரை மட்டுமே நாள்கள் இருந்தன. 13 முதல் 31 வரை ஒன்றுகூட இல்லை. எந்த நூலகத்திலும் மாதத்தின் முதல் 12 நாள்களில் மட்டும் நூல் வந்து சேராதல்லவா? அதன் பிறகு எல்லாம் தெளிவாயிற்று. தேதியாக மாறியவற்றில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி, உரையாக நின்றவற்றை நாள் முதலில் என்று படித்தோம். சேர்க்கை எண் வரிசையில் தேதிகள் ஏறுமுகமாக வருகின்றனவா என்று பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

2025 பிப்ரவரி 9, மாலை 5.20

மேக் கணினியில் தொடங்கப்பட்ட பழைய கோப்புகள் 1904இலிருந்து எண்ணும். இரண்டுக்கும் வேறுபாடு 1,462 நாள். எல்லாத் தேதியும் நான்கு ஆண்டும் ஒரு நாளும் தள்ளி நின்றால் காரணம் இதுதான்.

2025 பிப்ரவரி 12, இரவு 9.30

தமிழ் எழுத்துகள் குப்பையாக வருகின்றன என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சிஎஸ்வி என்ற வடிவத்துக்குள் எந்தக் குறியாக்கம் (எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் முறை) என்று சொல்லும் இடமே இல்லை. 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் இந்த வடிவத்தை விவரித்தது. அதற்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில்தான் எழுதுகிறது. எக்செலில் சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக விழுந்துவிடும். விழுந்தவை போனவைதான். 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அதைத் தேர்ந்தெடுத்தால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் அடையாளம் ஒன்று சேரும். சில நிரல்கள் அதை முதல் பத்தியின் பெயரோடு ஒட்டிவிடும். 'சேர்க்கை எண்' என்ற பத்தி கண்ணெதிரே இருக்க, அப்படி ஒரு பத்தியே இல்லை என்று பிழை வந்தால் இந்த அடையாளத்தைத் தேடுங்கள்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. 'கொ' என்பதில் வரும் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதப்படலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் எழுதப்படலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டும் தரவுத்தளத்துக்கு வேறு வேறு. இதைச் சரிசெய்ய, இரண்டையும் ஒரே வடிவமாக்கும் யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 13 முதல் 'நார்மலைஸ்' செயற்கூறாகவே கிடைக்கிறது. ஆசிரியர் பெயர்கள் இரட்டிப்பாகும் சிக்கல் இதோடு தீரும்.

2025 பிப்ரவரி 13, காலை 7.40

தீராது. நேற்றைய கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

கௌரி, கெளரி. இரண்டையும் பாருங்கள். முதலாவதில் ஔகாரக் குறி. இரண்டாவதில் எகரக் கொம்பும் அதன் பிறகு 'ள' என்ற முழு எழுத்தும். பல எழுத்துருக்களில் இவற்றுக்கு வேறுபாடே தெரியாது. தட்டச்சு செய்பவர்கள் இரண்டையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். என்எஃப்சி இதைத் தொடாது, ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். எங்கள் அட்டவணையில் ஒரே ஆசிரியர் இரண்டு பேராக நின்றார்.

'எகரக் கொம்பும் ளகரமும் வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாமே' என்று தோன்றும். செய்துவிடாதீர்கள். வெள்ளி, தெளிவு, கெளுத்தி எல்லாம் சிதைந்துபோகும். ஆசிரியர் பெயர்ப் பத்தியில் மட்டும் இந்தக் கூட்டு வரும் மதிப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்தினோம். அரை நாள் ஆயிற்று. அதற்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

2025 பிப்ரவரி 16, இரவு 10.00

முதல் வாசகர் மீண்டும் வந்திருக்கிறார். ஒரே கட்டத்தில் மூன்று ஆசிரியர்களின் பெயர்கள் காற்புள்ளியிட்டு வருகின்றன, அப்படியே விட்டால் என்ன என்கிறார்.

எழுதிவைக்க விடலாம், தேட முடியாது. 'இவர் எழுதிய நூல்கள் எவை' என்று கேட்டால் உரைக்குள் உரையைத் தேட வேண்டியிருக்கும். ராமன் என்று தேடினால் சீதாராமனும் வருவார். 1970இல் எட்கர் காட் என்ற கணினி அறிவியலாளர் தொடர்புசார் மாதிரியை, அதாவது இன்றைய அட்டவணைத் தரவுத்தளங்களின் அடிப்படையை, முன்வைத்த கட்டுரையிலேயே, மதிப்புக்குள் மதிப்புகளை அடுக்காமல் பிரித்து வைப்பதைப் பற்றிய பேச்சு இருக்கிறது. நூல்களுக்கு ஓர் அட்டவணை, ஆசிரியர்களுக்கு ஓர் அட்டவணை, எந்த நூலுக்கு யார் என்று இணைக்கும் மூன்றாவது அட்டவணை. அந்த மூன்றாவதில் ஆசிரியர்களின் வரிசை எண்ணையும் வையுங்கள். அட்டையில் முதலில் வரும் பெயர் யாருடையது என்பது ஆசிரியர்களுக்கு முக்கியம்.

காற்புள்ளியில் வெட்டும் முன் ஒரு முறை பட்டியலைப் பாருங்கள். சிலர் பெயருக்குப் பின் காற்புள்ளியிட்டுத் தலைப்பெழுத்தை எழுதியிருப்பார்கள். அங்கே வெட்டினால் தலைப்பெழுத்தே தனி ஆசிரியராகிவிடும்.

2025 பிப்ரவரி 20, இரவு 9.10

நிறத்தைப் பற்றி எழுத மறந்தேன். இதை நான் ஒருபோதும் மறக்கக் கூடாது.

எல்லாம் ஏற்றி, எண்ணிக்கை சரிபார்த்து, நூலகர் அம்மாவிடம் திரையைக் காட்டினேன். வெகுநேரம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சிவப்பு வரியெல்லாம் எங்கே, தம்பி?" என்று கேட்டார். காணாமற்போன நூல்களுக்குச் சிவப்பு, பைண்டிங்குக்குப் போனவற்றுக்கு மஞ்சள் என்று பல ஆண்டுகளாக நிறம் தீட்டி வந்திருக்கிறார். அந்த விவரம் எந்தப் பத்தியிலும் இல்லை, கட்டத்தின் பின்னணியில் மட்டுமே இருந்தது. சிஎஸ்வி நிறத்தை எழுதாது. அவருக்கு அது அத்தனை ஆண்டு உழைப்பு.

ஓபன்பைஎக்செலில் ஒவ்வொரு கட்டத்தின் நிரப்பு நிறத்தையும் படிக்க முடியும். அதைப் படித்து 'நிலை' என்ற புதிய பத்தியாக்கினேன். நூலகரோடு உட்கார்ந்து, எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று எழுதி வாங்கினேன். இரண்டு வகை மஞ்சள் இருந்தது, இரண்டும் ஒன்றுதான் என்றார்.

ஒன்றிணைத்த கட்டங்களையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவற்றில் மேல் இடது கட்டத்தில்தான் மதிப்பு இருக்கும், மற்றவை காலி. மறைத்துவைத்த வரிகள் சிஎஸ்வியில் வந்துவிடும். அடியில் 'மொத்தம்' என்று ஒரு வரி இருந்தால் அதுவும் ஒரு நூலாகப் பதிவாகும். வேலையைத் தொடங்குமுன் அந்தத் தாளைப் பயன்படுத்துபவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள்.

2025 பிப்ரவரி 24, மதியம் 2.15

'எக்ஸ்' என்ற எழுத்தில் முடியும் ஐஎஸ்பிஎன்கள் மட்டும் காலியாக வருகின்றன என்று கேட்டவருக்கு: நீங்கள் எக்செலை ஏஸ் என்ற மைக்ரோசாஃப்ட் இயக்கி வழியாக எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்துக்கு இறக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த இயக்கி இயல்பாக முதல் எட்டு வரிகளைப் பார்த்துப் பத்தியின் வகையை ஊகிக்கும். எட்டும் எண்ணாக இருந்தால் பத்தியே எண். பிறகு வரும் எழுத்துள்ள மதிப்புகளுக்கு 'நல்', அதாவது மதிப்பே இல்லை என்று போட்டுவிடும். 10 இலக்க ஐஎஸ்பிஎன்னில் சரிபார்ப்பு இலக்கம் 10 ஆக வரும்போது ரோமன் பத்தான அந்த எழுத்தை இடுகிறார்கள். அவை பிழைகள் அல்ல, செல்லுபடியாகும் எண்கள். சிஎஸ்வி வழியாக உரைப் பத்தியில் இறக்கிவிடுங்கள்.

2025 பிப்ரவரி 27, இரவு 8.45

எண்ணிக்கை சரிபார்ப்பது அவ்வளவு முக்கியமா என்று ஒருவர் கேட்டார். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்ததைச் சொன்னால் போதும். கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டது. தரவைக் கடத்தப் பயன்பட்டது பழைய எக்செல் வடிவம். அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான். அதற்கு மேல் வந்தவை விழுந்துவிட்டன. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதமாயிற்று. புதிய வடிவத்தில் 10,48,576 வரிகள் கொள்ளும். அதுவும் ஒரு வரம்புதான்.

வரி எண்ணிக்கையை மூலத்திலும் இடைத்தங்கலிலும் இறுதியிலும் ஒப்பிடுங்கள். சிஎஸ்வி கோப்பின் வரிகளை எண்ணி ஒப்பிட வேண்டாம். கட்டத்துக்குள்ளேயே வரி முறித்து எழுதியிருந்தால் ஒரு பதிவு இரண்டு மூன்று வரிகளாக நிற்கும். எண் பத்திகளுக்குக் கூட்டுத்தொகை, தேதிகளுக்கு மிகச் சிறியதும் மிகப் பெரியதும், உரைப் பத்திகளுக்கு வெவ்வேறு மதிப்புகளின் எண்ணிக்கை. இவை எல்லாம் பொருந்திய பிறகே பழைய கோப்பை மூடுகிறேன். மூடுகிறேன் என்றுதான் சொன்னேன், அழிப்பதில்லை.

2025 மார்ச் 4, இரவு 10.30

முதல் வாசகர் எழுதியிருக்கிறார். இடைத்தங்கல் அட்டவணை வழியாக மறுபடி ஏற்றினார், ஐஎஸ்பிஎன்கள் தனித்தனியாக வந்துவிட்டன, தேதிகளும் சரி. ஆனால் 'தொகுதி' பத்தியில் 45689, 45659 போன்ற எண்கள் இருக்கின்றனவாம். இவற்றை எப்படி மீட்பது என்கிறார்.

தொகுதி 1, பகுதி 2 என்பதை 1-2 என்று யாரோ தட்டியிருக்கிறார். எக்செல் அதைத் தேதி என்று எண்ணி 2025 பிப்ரவரி 1 ஆக்கிவிட்டது. அதன் எண் 45689. மாதம் முதலில் வரும் கணினியாக இருந்தால் ஜனவரி 2, அதன் எண் 45659. மரபணுக்களின் பெயர்கள் இப்படித் தேதிகளாக மாறுவதைத் தாங்க முடியாமல் 2020இல் சில மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். 2023இல்தான் எக்செலில் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி வந்தது.

ஆண்டு சொல்லாமல் தட்டினால் எக்செல் நடப்பு ஆண்டைச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே இந்த இரண்டு வரிகளும் இந்த ஆண்டுதான் தட்டப்பட்டவை, தட்டியவரைக் கேட்டுவிடலாம். ஆனால் 45659 என்பது மாதம் முதலில் வரும் கணினியில் தட்டிய 1-2ஆ, நாள் முதலில் வரும் கணினியில் தட்டிய 2-1ஆ? எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. இரண்டும் ஒரே தேதி.

எங்களுக்கு இப்படி 37 வரிகள் மிஞ்சின. அவற்றைத் தரவுத்தளத்திலிருந்து சேர்க்கை எண்ணோடு அச்சிட்டு எடுத்துக்கொண்டு நானும் நூலகர் அம்மாவும் அலமாரிக்குப் போனோம். அவர் நூலை எடுத்து முதுகில் இருந்ததைப் படித்தார், நான் தாளில் எழுதினேன். 36 நூல்கள் கிடைத்தன. 37ஆவது சிவப்பு வரி.